பிரிக்காத மாத்திரை

“இது என்னக்கா? போன மாசம் குடுத்த அட்டை பிரிக்காம அப்படியே இருக்கு!”

நர்கீஸின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. பேகம்பூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் நர்ஸ் அவள்.

வாசலில் நின்ற கமர்ஜஹான் தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“சுகர் முன்னூத்தி இருபது. கால்ல புண்ணு வேற. பின்னாடி காலையே எடுக்கணும்னு டாக்டர் சொன்னா அப்ப அழுவீங்க. வீடு தேடி வந்து இனாமாக் குடுக்குறோம். முழுங்குறதுக்குக் கூடவா கஷ்டம்?”

“இனிமே போடுறேன் சிஸ்டர்.”

“இதையேதான் மூணு மாசமாச் சொல்றீங்க.”

நர்கீஸ் நோட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

கமர்ஜஹானும் அவள் வீட்டுக்காரர் மைதீன் பிச்சையும் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். ஷெட்டை மூடி ஒன்றரை வருஷமாகிறது. அவருக்கு இளைப்பு, நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூன்று பேர்.

மூடிய ஷெட்டுக்குப் பின்னால் மலையாகக் கிடந்த குப்பையை அந்த வருஷம்தான் மாநகராட்சியும் தெருக்காரர்களும் சேர்ந்து அள்ளினார்கள். இடம் சுத்தமானதும் குழாய் வந்தது, விளக்கு வந்தது. பெண்கள் குழு ஒன்று அங்கே சமையல்கூடம் ஆரம்பித்தது. கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் வேலை.

ஆள் எடுப்பதற்கு முன்னால் குழுத் தலைவி கனகா, நர்கீஸிடம் ஒரு வார்த்தை கேட்டாள்.

“கமர்ஜஹானா? வேண்டாங்க்கா. தன் உடம்பையே பாத்துக்காதவங்க உங்க அடுப்பைப் பாக்கப் போறாங்களா?”

“அந்த வீட்ல ஒருத்தருக்கும் வேலை இல்லையே நர்கீஸ்.”

“மொதல்ல சுகர் குறையட்டும். அப்புறம் வேலை குடுங்க.”

கனகா பட்டியலில் கமர்ஜஹான் பெயரை எழுதிக்கொண்டாள்.

“காய் நறுக்க வச்சுப் பாக்குறேன். உக்காந்து செய்யுற வேலைதானே.”

“பட்டாத்தான் உங்களுக்குத் தெரியும்” என்று நர்கீஸ் கிளம்பிவிட்டாள்.

அதற்கடுத்த வாரமே அவளுக்கு வேறு வார்டு போட்டுவிட்டார்கள். திரும்பி வர நாலு மாதமாயிற்று. வந்ததும் முதல் வேலையாகச் சமையல்கூடத்துப் பெண்களுக்கு சுகர் பார்க்கப் போனாள்.

கமர்ஜஹான் விரலை நீட்டினாள்.

நூற்று நாற்பத்தெட்டு.

நர்கீஸ் நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தாள். நூற்று ஐம்பது. காலைக் காட்டச் சொன்னாள். புண் ஆறி, தழும்புதான் இருந்தது.

“மாத்திரை போடுறீங்களா?”

“ஒரு வேளைகூட விடுறதில்ல.”

நர்கீஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தீங்களா! அன்னைக்கு நாலு பேரு முன்னாடி நான் போட்ட சத்தம் நல்லா உறைச்சிருக்கு. என்னக்கா, சரிதானே?”

கமர்ஜஹான் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்னு சொல்லிக் குடுத்தீங்க சிஸ்டர். ரேஷன் அரிசி பதினஞ்சு நாளைக்கு வரும். அதுக்கப்புறம் பிள்ளைகளும் அவரும் சாப்பிட்டது போக, ராத்திரி எனக்கு ஒரு வாய் இருந்தா உண்டு. வெறும் வயித்துல ரெண்டு நாள் போட்டுப் பாத்தேன். கண்ணு இருட்டி அடுப்படியில விழுந்துட்டேன். இங்க காலையில வந்ததும் டிபன் குடுத்துர்றாங்க. மதியம் சோறும் வெஞ்சனமும். அதான் மாத்திரை உள்ள போகுது.”

நர்கீஸ் மெஷினைப் பைக்குள் வைத்தாள்.

“இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா?”

“மாசா மாசம் வாசல்ல நின்னு ‘மாத்திரை சாப்டீங்களா’ன்னுதான் கேட்டீங்க. ஒரு நாளாவது ‘சாப்டீங்களா’ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சிஸ்டர்.”