ஏழு எழுத்து

சார் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

மேஜையில் லெட்டர். எதிரே நிற்கும் ஆராய்ச்சி மாணவியான அவளை இந்த ஆராய்ச்சியிலிருந்து விலக்கி, அதை லேபின் சீனியர் ஜெபசிங்கிடம் ஒப்படைப்பதாக நாலே வரி. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து ஜெபசிங்கே உள்ளே வந்தார். புரதம் இருந்தால் கோடாகக் காட்டும் ஜெல் படத்தை லெட்டரின் மேல் வைத்தார்.

இரண்டாவது வரிசையில் கட்டை விரல் தடிமனுக்கு நீலக் கோடு. புரதம்!

"பாத்தியாம்மா?" சாருக்கு வாயெல்லாம் பல். "ஜெபசிங் கை பட்டதும் எப்படி வந்திருக்கு!"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

ரெண்டு வருஷம். நாற்பத்தோரு தடவை.

பாக்டீரியாவுக்குள் ஒரு மரபணுவை ஏற்றி, அதற்குரிய புரதத்தைச் செய்யச் சொல்லிப் பார்த்தாள். பாக்டீரியா நன்றாகத் தின்றது, கொழுத்தது, பெருகியது. அந்தப் புரதம் மட்டும் கிடையாது. கோடு விழவேண்டிய இடம் ஒவ்வொரு தடவையும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

ஒவ்வொரு தடவையும் சார் சொன்னது ஒன்றுதான். உனக்குக் கைராசி இல்லை.

சொன்னவர் யார்? சுவர் கொள்ளாமல் விருது மாட்டி வைத்திருக்கும் விஞ்ஞானி! அதையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாரா? எட்டுப் பேர் உட்கார்ந்த மீட்டிங்கில் சொன்னார். எட்டுப் பேரும் சிரித்தார்கள்.

கையாம், ராசியாம். மண்ணாங்கட்டி!

கோளாறு கையில் இல்லை. மரபணு எழுதி அனுப்பும் உத்தரவில் இருந்தது.

அந்த உத்தரவு எம்.ஆர்.என்.ஏ. என்கிற நீள நாடா. அதன் தலைப்பில், புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோம் வந்து உட்காரவேண்டும். உட்கார்ந்தால்தான் படிக்கும். படித்தால்தான் புரதம். இங்கே நாடாவின் தலைப்பு தன் மேலேயே மடங்கி ஒட்டிக் கிடந்தது. பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த சீட் மாதிரி. ரைபோசோம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, பாவம்.

அதைக் கண்டுபிடித்தவள் அவள். சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"அது எப்படி மடங்கினா என்ன? வரப்போற புரதம் அதேதானே? நீ முதல்ல கையைக் கவனி."

சரி, கவனித்துவிடலாம் என்று வைராக்கியம் வந்தது அவளுக்கு.

மரபணுவின் தலைப்பில் ஏழே எழுத்தை மாற்றினாள். புரதம் இம்மியும் மாறாது. மடிப்பு மட்டும் விரியும். பழையது ஒரு குழாயில், புதியது ஒரு குழாயில். ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதி ஜெபசிங்கிடம் கொடுத்தாள். என் கைதான் விளங்கவில்லையே அண்ணா, நீங்களே ரெண்டையும் போட்டுப் பாருங்கள் என்றாள். மனுஷருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வளர்த்தது, உடைத்தது, ஜெல் ஓட்டியது, எல்லாம் அவர்தான். அவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது மேஜையருகே போனாள். படத்தின் முதல் வரிசையில் விரலை வைத்தாள்.

அங்கே ஒன்றுமே இல்லை. நாற்பத்தோரு தடவை பார்த்த அதே வெறுமை.

"இதுவும் அண்ணன் கைதான் சார்."

சார் நிமிர்ந்து ஜெபசிங்கைப் பார்த்தார்.

ஜெபசிங் தலையாட்டினார். ஒரே நாளில் ரெண்டையும் செய்ததை அவர் எப்படி இல்லையென்பார்?

முதல் குழாயில் இருந்தது பழைய மரபணு. ரெண்டாவதில் ஏழு எழுத்து மாற்றியது. மாற்றியது யார் என்றும் சேர்த்தே சொன்னாள்.

சார் குனிந்து ரெண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு வார்த்தை. தப்பாகச் சொல்லிவிட்டேன் அம்மா என்று ஒரே ஒரு வார்த்தை. வரவில்லை.

பேனாவை மூடினார். படத்துக்கு அடியிலிருந்து லெட்டரை உருவினார். கிழிப்பார் என்று நினைத்தாள். டிராயரைத் திறந்தார்.

"சரி, இப்போதைக்கு இது இங்க இருக்கட்டும்."

இப்போதைக்கு!

அவள் கையை நீட்டினாள்.

"லெட்டரைக் குடுங்க சார், நானே கிழிச்சுடறேன்."

சார் சிரித்து மழுப்பப் பார்த்தார். ஜெபசிங் தரையைப் பார்த்தார்.

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.