கோமதிநாயகத்தின் பாலின விவரம்

பாளையங்கோட்டை அடையாள அட்டை மையத்தில் ஆண், பெண் என்று கட்டம் போட்ட படிவங்கள் ஒழிந்துவிட்டன. இப்போது அவரவர் பாலினத்தை அவரவர் வார்த்தைகளில் இயந்திரத்திடம் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் கோமதிநாயகம் தம் பிள்ளை இன்பாவுடன் வந்திருந்தார். முதலில் இன்பா பேசினார்.

"நான் ஆணும் பொண்ணும் சேர்ந்த ஆளு. ரெண்டையும் பிரிச்சா நான் இருக்க மாட்டேன்."

பச்சை விளக்கு எரிந்தது.

கோமதிநாயகம் மைக்கை நெருங்கி, "ஆம்பள" என்றார்.

"கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்" என்றது இயந்திரம்.

"மீசை இருக்குல்லா?"

"மீசையைப் பற்றிச் சொன்னீர்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

"முப்பது வருசம் லாரி ஓட்டுனேன்."

"நானும் லாரிதான் ஓட்டுதேன், அண்ணாச்சி" என்றாள் பின்னால் நின்ற பெண். வரிசையே சிரித்தது.

அவருக்கு வியர்த்தது. இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதேயில்லை. இன்பா தம்மைப் பற்றி முதன்முதலில் சொன்னபோது, "கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கத்திவிட்டு ஒரு வருடம் பேசாமல் இருந்தவர் அவர்.

பிள்ளையின் காதருகே குனிந்தார். "நீ மட்டும் எப்படி டக்குன்னு சொல்லிட்ட?"

"டக்குன்னு இல்லப்பா. பதினோரு வருசம் யோசிச்சேன்."

கோமதிநாயகம் இயந்திரத்திடம் வேறொரு நாளுக்குத் தேதி கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். டீக்கடை பெஞ்சில் இன்பாவை உட்கார வைத்தார்.

"அந்தப் பதினோரு வருசத்தையும் மொதல்லருந்து சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."

ஐந்தாவது நிமிடத்தில் குறுக்கே பேசினார். ஆனால் அது ஒரு கேள்வி.