மேகசினைக் கழற்றிய காலை

“கனகு, பழைய வேட்டியில ஒரு துண்டு கிழிச்சுக் கொண்டா. பல்லு வெளக்குற பழைய பிரஷ் ஒண்ணு கெடக்குமே, அதையும் எடுத்துட்டு வா.”

துணியோடு கூடத்துக்கு வந்த கனகலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். தரையில் செய்தித்தாளை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் அவள் கணவர் பாண்டிதுரை. அவர் முன்னால் கைத்துப்பாக்கி.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை முதலாளிக்குக் காவலாகப் போகிறவர் அவர். அதற்காக வாங்கிய லைசென்ஸ் துப்பாக்கி அது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் அதைப் பிரித்துத் துடைப்பார். இன்றைக்கு வியாழக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நாச்சியார் கேஸுக்கு வாய்தா.

நாச்சியார் அவர்களுடைய ஒரே மகள். தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்த பதினாலாம் மாதம் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். தவறி விழுந்துவிட்டாள் என்றான் மருமகன் விக்னேஷ்வரன். ஆனால் அவள் கழுத்தில் விரல் தடம் கன்றிக் கிடந்தது. நாலு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். இன்றைக்கு அவனும் கோர்ட்டுக்கு வருவான்.

“ஒம்பது மணி பஸ்ஸப் பிடிக்கணும். இப்பப் போயி எதுக்கு இதத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிய?”

“துடைக்கணும்.”

பாண்டிதுரை பொத்தானை அமுக்கி, குண்டு அடைக்கிற கூடான மேகசினைத் தனியே உருவினார். துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார்த்தார். கண்ணை நம்பாதவர்போலச் சுண்டுவிரலையும் விட்டுத் தடவினார். ஒன்றும் இல்லை. பிறகு மேகசினிலிருந்து குண்டுகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஐந்து குண்டுகள்.

அவற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு டப்பாவில் போட்டு மூடி, அறைக்குள் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

“ஞாயித்துக்கிழமை துடைச்சுக்கிடலாம்ல” என்றாள்.

“கிட்ட வராத. உள்ள ஸ்பிரிங்கு அமுங்கிக் கெடக்கு. சட்டுனு விட்டா கண்ணுல அடிச்சிரும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேகசினைத் தலைகீழாகப் பிடித்தார். அடித்தகட்டின் ஓட்டையில் மொட்டைக் கம்பியால் அமுக்கி, தகட்டை மெல்ல நகர்த்தினார். இடது கட்டைவிரல் கூட்டின் திறந்த வாயை மூடியே இருந்தது. பிடி தளரத் தளர ஸ்பிரிங் நெளிந்து மேலே வந்தது. அதன் பின்னால் குண்டைத் தாங்குகிற சின்னத் தட்டு. எடுத்த வரிசையிலேயே காகிதத்தில் வைத்தார்.

அந்தக் கைகளில் அவசரமே இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. கோபத்தில் கத்துகிற மனுஷனைக் காலில் விழுந்தாவது நிறுத்திவிடலாம்.

செல்போன் அடித்தது. அவள் தம்பி மாரிச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. பாண்டிதுரை ஸ்பீக்கரில் போட்டார்.

“அத்தான், அவன் வந்துட்டான். கோர்ட்டு வாசல் டீக்கடையில நிக்கான். சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கான் அத்தான்.”

“நிக்கட்டும் மாப்ள. நாங்க வாரோம்.”

போனை வைத்துவிட்டு மறுபடி பிரஷ்ஷை எடுத்தார். கூட்டின் உள்பக்கத்தைத் தேய்த்தார். கனகலட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“எண்ணெய் வேணுமா?” ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

“இதுக்குள்ள எண்ணெய் ஆகாது. குண்டுல கசிஞ்சு மருந்து நமுத்துப்போகும். பொறவு நேரத்துக்கு வெடிக்காது.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏன் நின்னுக்கிட்டே இருக்க? உக்காரு.”

“இல்ல, இருக்கட்டும்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “கோர்ட்டுக்கு இதையும் கொண்டுட்டா வரப் போறிய?”

பாண்டிதுரை நிமிர்ந்தார். தூங்காத கண்கள் சிவந்து கிடந்தன. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்து எதைச் சொல்லிவிடுவாரோ என்றிருந்தது.

“அவனக் கோர்ட்டு பாத்துக்கிடும்ங்க” என்றாள் அவசரமாக. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“பாத்துக்கிடும். அதுக்குத்தான கூண்டுல ஏறி நீயும் நானும் சாட்சி சொல்லப் போறோம்.”

கூட்டைத் துணியால் துடைத்து முடித்தார். பிரித்ததை அவர் திரும்பப் பூட்டவில்லை. ஸ்பிரிங்கையும் தட்டையும் துணியில் சுற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துப்பாக்கியையும் வெறும் கூட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை எப்போதும் மாட்டுகிற ஆணியில் மாட்டாமல் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

“ஸ்பிரிங்கத் திரும்ப மாட்டலையா?” என்றாள்.

“ஸ்பிரிங்கு இல்லாட்டி துப்பாக்கி வெறும் தகரம். அப்படியே கெடக்கட்டும்.”

அருகில் வந்து அவள் வலது கையைப் பிடித்தார். அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவர் விடவில்லை. கட்டைவிரல் நுனி கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. அதை மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.

“வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, நான் எப்பவும் மேகசின்ல ஒரு குண்டுகூட விட்டு வைக்கிறதில்ல கனகு. பழக்கமில்லாத கைக்கு இந்த ஸ்பிரிங்கு ரொம்பக் கடுசு... நேத்து அஞ்சு குண்டையும் எப்பிடித்தான் அமுக்கி உள்ள தள்ளுன?”