எரு வேண்டாத தொட்டி

தை மாதத்து வெயில் வீட்டு மொட்டைமாடியில் இன்னும் சூடேறவில்லை. மண்புழு உரக் கிண்ணத்தோடு சுலோச்சனா நாஸ்டர்டியம் பூங்கொடித் தொட்டியின் முன் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். இனிமேல் தனியாக இருந்துகொள்கிறேன் என்று சண்டைபோட்டுவிட்டுப் பெங்களூருக்குப் போன மகள் ரித்திகா, மேசையில் விட்டுப்போன விதைகள் இவை. வாராவாரம் உரம் தின்ற கொடியில் வட்ட இலைகள் விரிந்து தொட்டியே தெரியவில்லை. ஒரு மொட்டுகூட இல்லை. பக்கத்தில், மிச்ச விதையைத் தூவி மறந்துபோன பெயிண்ட் வாளியில் வெறும் எம்.சாண்ட் மணலும் ஜல்லியும்தான். அதில் நோஞ்சான் கொடி ஒன்று மூன்று ஆரஞ்சுப் பூக்களோடு நிற்கிறது. ஒரு பூவைத் தொடுகிறாள், தொட்டியைப் பார்க்கிறாள், மறுபடியும் பூவைத் தொடுகிறாள். மடியில் ஸ்பீக்கரில் கிடக்கும் போனில் ரித்திகா சிரிக்கிறாள். "எரு போட்டீங்களாம்மா? அதுக்கு எருவே ஆகாதுங்கம்மா. மண்ணு சத்தா இருந்தா எலைதான் வரும். சும்மா உட்டுப்போடுங்க, தானாப் பூக்கும்." சுலோச்சனாவின் விரல்கள் கிண்ணத்து உரத்தை அளைந்துகொண்டே இருக்கின்றன. தொட்டியில் போடவும் இல்லை, பையில் திருப்பிக் கொட்டவும் இல்லை. "சரி கண்ணு" என்கிறாள். பிறகு, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாள்: "சும்மா உடறதுன்னா, எப்படி கண்ணு?"