அவிழாத முடிச்சு

“முடிச்ச அவுத்தியாடா, இல்லையா?”

கொடியிறக்கத்துக்கு வரிசையில் நின்ற செங்கப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பக்கத்தில் நின்ற பித்தப்பாவின் கழுத்துத் துணி நுனியில் காலையில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

“இல்லண்ணா.”

“கெடுத்தியே குடிய!”

விராஜ்பேட்டை முகாமில் சாரணர்கள் விடிந்ததும் துணி நுனியில் முடிச்சிட்டுக்கொள்வது வழக்கம். பிறருக்கு ஒரு நன்மையாவது செய்த பிறகே அதை அவிழ்க்கலாம். மாலையில் என்ன செய்தோம், யாருக்குச் செய்தோம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியாக வேண்டும். அவிழாத முடிச்சு அணியின் மதிப்பெண்ணைக் குறைக்கும். முகாமின் கடைசி நாளான இன்று சிறந்த அணிக்குக் கொடி உண்டு. புலி அணியின் தலைவனான செங்கப்பா அந்தக் கொடிக்காகவே வந்தவன்.

“மத்தியானம் மழையில எங்கடா தொலைஞ்ச? நாங்க அத்தனை பேரும் சமையக்கட்டுல ஒத்தாசை பண்ணிட்டிருந்தோம்!”

“ஒத்தாசையா அது?” பின்னாலிருந்து சமையற்காரர் பெள்ளியப்பா குரல் கொடுத்தார். “வெங்காயத்த உரி உரின்னு உரிச்சு, கடைசியில தோலுதான் மிச்சம். கடம்புட்டு உருண்டைக்கு வச்ச அரிசி மாவுல ஆளாளுக்கு உப்பு வேற! எனக்கு நல்லது பண்ணணும்னா தூரமா நில்லுங்கப்பா சாமி!”

வரிசை சிரித்தது. செங்கப்பா சிரிக்கவில்லை.

சாரண ஆசிரியர் மாச்சய்யா ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார். புலி அணியில் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: “வெங்காயம் உரிச்சேன் சார், பெள்ளியப்பண்ணனுக்கு.”

“நீ?”

“ஒண்ணும் செய்யல, சார்,” என்றான் பித்தப்பா.

“சோம்பேறி!” செங்கப்பா முணுமுணுத்தான்.

ஆசிரியர் மைதானத்தின் மறுபுறம் கை நீட்டினார். மற்ற அணிகளின் கூடாரங்கள் சேற்றில் படுத்துக் கிடந்தன.

“சணல் கயிறு நனைஞ்சா சுருங்கும், தரையில அடிச்ச முளையைப் பிடுங்கிடும். மழை வந்தா கயிறைத் தளர்த்துறது தலைவனோட வேலைன்னு முதல் நாளே சொன்னேன். புலிக் கூடாரம் மட்டும்தான் நிக்குது. பொறுப்புன்னா அது! ஒரு முடிச்சு அவிழலேன்னாலும் பரவாயில்ல, கொடி செங்கப்பாவுக்குத்தான்!”

செங்கப்பா தன் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தான். மழை கொட்டியபோது அவன் வெங்காயத்துக்கு அழுதுகொண்டிருந்தான்; கயிற்றின் நினைப்பே எழவில்லை. பின்னே, கூடாரம் எப்படி நின்றது? நின்றதே, அது போதாதா? கிடைக்கிற கொடியைக் கேள்வி கேட்டுக் கெடுப்பானேன்?

ஓரடி முன்னே வைத்தான். கைதட்டல் எழுந்தது.

பித்தப்பாவும் தட்டினான். ஆனால் விரல் நுனிகளால் மட்டும், ஓசையே வரவில்லை.

“என்னடா, பொறாமையா? நல்லாத் தட்டுறதுக்கென்ன?” செங்கப்பா அவன் கையைப் பற்றி இழுத்தான்.

பித்தப்பா, “ஸ்ஸ்!” என்றான்.

உள்ளங்கை கன்றிச் சிவந்து, தோல் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் ஈரச் சணல் நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

செங்கப்பா அந்தக் கையைப் பார்த்தான். ஆசிரியர் நீட்டிய கொடியைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“கொடி எனக்கு வேண்டாம், சார். கயிறைத் தளர்த்தினது இவன். நான் சுத்தமா மறந்துட்டேன்.”

மாச்சய்யா பித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

“அப்புறம் ஏண்டா ஒண்ணும் செய்யலன்னு சொன்ன?”

பித்தப்பா செங்கப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“யாருக்குச் செஞ்சேன்னும் சொல்லணுமே, சார்!”