புளியமரத்தில் கொழுந்தன்

திரையிலுள்ள ஸ்பீக்கர் படத்தை அமுக்கும்படி கொழுந்தன் சிவசங்கர் பெங்களூரிலிருந்து மூன்றாவது முறையாகச் சொன்னான். பயப்பட வேண்டாம் என்றும் சொன்னான்.

கல்பனா பயப்படாமல் அமுக்கினாள்.

அவள் கணவன் ஜீவானந்தத்தின் பதினாறாம் நாள் காரியம். தம்பிக்கு மலையேற நேரமில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் அவ்வளவு வேலை. அதற்காக அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் இருந்துவிட முடியுமா? அண்ணன் விட்டுப்போன லேப்டாப், அண்ணன் விட்டுப்போன மைக்செட் இருக்கிறதே.

அவன் பேசி முடித்ததும், ஜீவானந்தத்தின் ஏழு புளியமரங்கள் இனி யாருக்கு என்று ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு சொல்லிவிடுவார்.

பாட்டு ஆம்ப்ளிஃபயர் வழியாக மர உச்சியில் கட்டிய குழாய்களுக்குப் போகும். வீடியோ அழைப்பு அண்ணியின் ஹெட்செட்டுக்கு மட்டும். தான் பேசும் நேரம் வந்ததும் பாட்டை நிறுத்தி, அழைப்பையும் ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றிவிட வேண்டும். இதைக் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

பிறகு, ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டு வரச் சொன்னான்.

கல்பனா கேமராவை விட்டு நகர்ந்து, லேப்டாப்புக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். ஹெட்செட்டைக் கழற்றவில்லை.

காதுக்குள் அவன் மனைவி அருணா ஏதோ கேட்டாள்.

பாட்டு நின்றது. பதில் புளியமரத்திலிருந்து வந்தது.

"ரெண்டு தடவ அம்மா மாதிரின்னு சொன்னா உருகிடும். மரம் கைக்கு வரட்டும், அண்ணிய ஆலங்காயம் பஸ்ல ஏத்தி வுட்டுடலாம். அம்மா வூடு இருக்குதுல்ல."

சாமைக்கொல்லை தாண்டியும் கேட்டது. இலையில் கை வைத்தவர்கள் அப்படியே நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார்கள்.

கல்பனா கேமரா முன்னால் வந்து, பேசலாம் என்றாள். மரம் தொண்டையைச் செருமிக்கொண்டது. தாளை எடுத்துப் படித்தது. அண்ணி தனக்கு இன்னொரு தாய் என்றது. குரல் தழுதழுத்தது. எல்லாருக்கும் கேட்கிறதா என்று நடுவில் விசாரித்தது.

"நல்லாவே கேக்குது தம்பி" என்றார் ராஜாக்கண்ணு, உச்சியை அண்ணாந்து பார்த்து.

மரங்கள் ஏழும் கல்பனாவுக்கு என்று சொல்ல அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. போகும்போது ஆறுதலும் சொன்னார். பொம்பளைக்கு இந்த மிஷினெல்லாம் பழக்கமில்லை, கை தவறி எங்கேயோ பட்டுவிட்டது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று.

அவள் தலையை ஆட்டினாள்.

ஜீவானந்தத்துக்கு மரமேறிக் குழாய் கட்ட மட்டும்தான் தெரியும். ஆறு வருடத் திருவிழாக்களிலும் கூத்துமேடைக்குப் பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்து, எந்தச் சத்தம் எங்கே போக வேண்டும் என்று பார்த்துக்கொண்டவள் அவள்தான். உச்சியிலிருந்து அவன், "இப்ப வுடு" என்று கத்துவான். அவள் விடுவாள்.

இன்றைக்குத்தான் யாரும் சொல்லாமல் விட்டாள்.