நாலாவது கையெழுத்து

கம்ப்யூட்டர் பார்க்க இதற்கு முன் வந்த மூன்று மெக்கானிக்குகளும் ரிப்போர்ட் நோட்டில் ஒரே வரியைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ‘மதர்போர்டு பழசு. பாகம் கிடைக்காது. புதுசு வரும்வரை ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்ளவும்.’

சபாபதிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு யூஎஸ்பி கோளாறுக்கு மதர்போர்டு மேல் பழியைப் போட்டுவிட்டு பஸ் ஏறிய மேதாவிகள். இவர்களெல்லாம் எதற்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அவனை அனுப்பியவர் சிதம்பரம் தலைமை அலுவலக மேனேஜர் சுப்புராயன். கடலூர் மையத்தில் அவர்களுடைய டிரஸ்ட் மாதாமாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை இலவசமாகத் தருகிறது. வாங்குகிறவர்கள் கைரேகை வைக்க வேண்டும். ஒரு வருஷமாக அந்த ரேகை மெஷினைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்வதே இல்லை. மெஷின் ஓடாவிட்டால் ரிஜிஸ்டரில் பேர் எழுதிக் கொடுக்கலாம் என்பது விதி. அதைச் சாக்காக வைத்து மையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கிய அனிதா மாத்திரையை வெளியே தள்ளுகிறாள் என்று மேனேஜருக்குச் சந்தேகம்.

“கையும் களவுமா புடிச்சு போட்டோ அனுப்பு. இன்னிக்கே அவ சீட்டைக் கிழிக்கிறேன்” என்றிருந்தார்.

அனிதாவைப் பார்த்தால் சந்தேகம் நியாயம் என்றுதான் தோன்றியது. பழைய சிஸ்டம், எடுக்காது, டீ சொல்லட்டுமா என்று மனப்பாடம் செய்ததுபோல் ஒப்பித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். சம்பளத்துக்கு வேறென்ன செய்வாளோ.

கம்ப்யூட்டர் கிழடுதான். திரை வெளிச்சமாகவே ஆறு நிமிஷம் எடுத்தது. ரேகை மெஷினை முன்பக்கத்திலிருந்து பிடுங்கிப் பின்பக்கம் செருகினான். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்று திரை கைவிரித்தது. மெஷினுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். அதே பதில். தன் பென் டிரைவை அதே இடத்தில் செருகினான். உடனே திறந்தது.

மதர்போர்டு பழசாம். சபாபதி உதட்டைப் பிதுக்கினான்.

கடைசியில் மெஷின் ஒயரின் முனையை செல்போன் வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளே நாலு சின்னத் தகடுகள். நடுவில் ஒன்றின் மேல் மட்டும் நூல் அகலத்துக்கு செல்லோடேப் ஒட்டியிருந்தது. விளக்கு எரியும், விஷயம் போகாது. சட்டென்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

“இது தானா வந்து ஒட்டிக்கிச்சாம்மா?”

“எந்தத் தகடு எதுக்குன்னு எனக்கு எப்டி சார் தெரியும்?” என்றாள் அனிதா.

கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டான். டேப்பை உரித்துச் செருகியதும் கம்ப்யூட்டர் மணியடித்து மெஷினை ஏற்றுக்கொண்டது. தன் விரலை வைத்துப் பார்த்தான். ஒரு நொடியில் படித்தது. ரெண்டு மூணு பேருக்கு மெஷினிலேயே மாத்திரை கொடுத்துவிட்டு அப்புறம் போட்டோவை அனுப்பினால், தன் கெட்டிக்காரத்தனம் மேனேஜருக்கு முழுசாகத் தெரியும்.

வாசலில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் காத்திருந்தார்கள். முதல் ஆளாகக் கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னான்.

ரேகை பொருந்தவில்லை என்றது திரை.

கையைக் கழுவிவிட்டு வரக் கூடாதா என்று எரிந்து விழுந்தான். கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்று அந்தம்மாள் புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள். இந்த முறை திரை முழுக்கச் சிவப்பு. ‘பொருந்தவில்லை. இன்னும் ஒரு முறை தவறினால் பயனாளி பெயர் நீக்கப்படும்.’

கொளஞ்சியம்மாள் படிக்கத் தெரியாமல் மூன்றாவது முறையும் விரலைக் கொண்டுபோனாள். அதுவரை நாற்காலியை விட்டு அசையாத அனிதா பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வைக்காதக்கா.”

சபாபதி அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை கறுத்திருந்தது. விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. பேருக்குக்கூட ஒரு கோடு இல்லை.

“கொட்டைத் தோலு எண்ணெ சார். ரேகையத் தின்னுடும். இங்க வர்ற எல்லார் கையும் இப்டிதான்” என்றாள் அனிதா. “மெஷின் வந்த மொத மாசமே பதினோரு பேரை நீக்கிட்டாங்க. அதுல ஒருத்திக்கு சக்கர ஏறி, கால எடுத்துட்டாங்க. மேனேஜருக்கு மூணு லெட்டர் எழுதுனேன்.”

“என்ன சொன்னாரு?”

அவள் ஜன்னலைக் காட்டினாள். அங்கே ஹேண்ட்வாஷ் பாட்டில்கள் ரெண்டு நின்றுகொண்டிருந்தன.

சபாபதிக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஆளைப் பிடித்தாயா என்று கேட்டார் சுப்புராயன். ஏசி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கிறேன் சார் என்று சொல்லி வைத்தான். போட்டோவை அழித்தான். மெஷின் ஒயரைப் பிடுங்கினான். பிறகு எதையோ தேடி மேஜையைத் துழாவினான்.

அனிதா டிராயரைத் திறந்து ஒரு செல்லோடேப்பையும் சின்னக் கத்தரியையும் எடுத்து வைத்தாள்.

“போன தடவ வந்த அந்தோணிசாமி சார் விட்டுட்டுப் போனது.”

நூல் அகலத்துக்கு வெட்டி, அதே தகட்டில் பார்த்து ஒட்டினான். கொளஞ்சியம்மாளுக்காக அனிதா ரிஜிஸ்டரைத் திறந்தாள்.

‘மதர்போர்டு பழசு. பாகம் கிடைக்காது’ என்று ரிப்போர்ட் நோட்டில் எழுத ஆரம்பித்தான் நாலாவது மேதாவி.